ராணியில் இரண்டு சிவப்பு

“ஒரு சீட்டுக்கட்டு குடுங்க.”

பெரியகுளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். சாயங்கால நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேனா, ஸ்டிக்கர் என்று மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று, தொண்டையை விட்டுச் சத்தம் வெளியே வராமல், இதைக் கேட்டேன்.

கடைக்காரருக்கும் எங்கள் வடுகபட்டிதான். என் பூண்டு மண்டியைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான் கேட்டது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும், “என்ன மதினி கேட்டீக?” என்றார்.

“சீட்டுக்கட்டுய்யா. வெளையாடுற சீட்டு.”

“யாருக்கு மதினி?”

“எனக்குத்தான். படிக்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற கௌசல்யாவைப் பார்த்தார். கௌசல்யா, உத்தமபாளையம் பக்கம் நான் படித்த கல்லூரியில் இப்போது பொருளாதாரம் நடத்துகிற பெண். முப்பது வயதுதான் இருக்கும். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது. கடைக்காரர் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று அதைச் சேலை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். சும்மா இருந்திருந்தால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

“அண்ணனுக்குத் தெரியுமா மதினி?” என்று குரலைத் தாழ்த்தினார்.

எனக்கு வந்ததே கோபம். “மூட்டை மூட்டையா பூண்டு ஏலம் எடுக்குறவ, ஒரு சீட்டுக்கட்டு வாங்குறதுக்கு ஒங்க அண்ணன்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வரணுமோ? எடுத்துப் போடுங்கய்யா.”

“சரி சரி. ஒண்ணு போதுமா?”

“பத்து வேணும்,” என்றாள் கௌசல்யா.

அவ்வளவுதான். அந்த மனிதர், பெண்கள் நாப்கின் வாங்கினால் எப்படிச் சுற்றித் தருவாரோ அப்படியே பத்துக் கட்டையும் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவரின் வாயை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நானும் கௌசல்யாவும் திருட்டுப் பொருளைக் கொண்டுபோகிறவர்கள் மாதிரி விறுவிறுவென்று நடந்தோம். பஸ் நிலையம் வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

மண்டியில் நான் முதன்முதலாக ஏலம் எடுத்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘அக்கா, நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்விதான் போங்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தச் சீட்டுக்கட்டை எடுத்தேன்.

வாசல் மிதிக்காத கல்லூரி

நான் பி.ஏ. பொருளாதாரம். ஒரு பேப்பர் பாக்கி.

முப்பது வருடத்துக்கு மேல் இதுதான் என் படிப்பு. எல்லாப் பேப்பரையும் எழுதி முடித்தேன். புள்ளியியல் மட்டும் நின்றுபோனது. கல்யாணத்துக்கு அப்புறமும் இரண்டு தடவை பணம் கட்டி எழுதிப் பார்த்தேன். அது அசையவில்லை. பிறகு பிள்ளைகள், மண்டி, பூண்டுத் தூசி என்று காலம் ஓடிவிட்டது. அந்தக் கல்லூரி வழியாகக் கம்பத்துக்குப் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கல்லூரி வரும்போது மட்டும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். எதிர்ப்பக்கத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் ஒருநாள் மும்தாஜ் போன் பண்ணினாள். மும்தாஜும் நானும் உத்தமபாளையத்தில் ஒரே தெரு. கல்லூரிக்கு ஒன்றாகவே நடந்து போவோம். நோன்பு மாதத்தில் அவள் வீட்டுக் கஞ்சி தூக்குவாளியில் எங்கள் வீட்டுக்கு வரும். திராட்சை வெட்டும் காலத்தில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை அவள் வீட்டுக்குப் போகும். இப்போது கம்பத்தில் பள்ளிக்கூட ஆசிரியை.

“அடி ராஜி, காலேஜ்ல பழைய பிள்ளைகளக் கூப்புடுறாகடி. ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வாத்தியாரு, ரெண்டு பழைய பிள்ளைக. சேந்து ஒக்காந்து அந்தப் பாடத்த எப்படி நல்லா நடத்துறதுன்னு பேசணுமாம். நீயும் வா.”

“பாஸ் பண்ணுனவுகளத்தான கூப்புட்டுருப்பாக?”

“கூடப் படிச்சவுகன்னுதான் சொன்னாக. பாஸ் பண்ணுனவுகன்னு சொல்லல. கெளம்பி வாடி, சும்மா சட்டம் பேசாத.”

போனேன். மும்தாஜ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால் அது விழாவாகிவிடும். அங்கேயும் அதே கதைதான். வாசலில் ஃபிளெக்ஸ். மேடையில் குத்துவிளக்கு. வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை. பாடத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டவர்கள், ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொள்ளவே மத்தியானமாகிவிட்டது. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மைக்கைப் பிடித்தார். அந்தக் காலத்துப் படிப்புதான் படிப்பு என்றார். அந்தக் காலத்து வாத்தியார்கள் தெய்வங்கள் என்றார். சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் அவர் மைக்கை விடவில்லை.

கௌசல்யாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கீழே முதல் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து பணிவாகக் கேட்டாள். “நீங்க படிச்சப்ப எந்தப் பாடம் கஷ்டமா இருந்துச்சு, எங்கன புரியாமப் போச்சுன்னு சொன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்.”

“கஷ்டமா? ஒண்ணுமே இல்லம்மா. எல்லாமே பிரமாதம்,” என்றார் பேங்க் மேனேஜர்.

அடுத்தவர் எழுந்தார். “எல்லாம் நல்லாப் புரிஞ்சுச்சு மேடம்.”

அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். நரைத்த தலையும் தொப்பையுமாக இருக்கிற ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், தங்கள் மகள் வயதுப் பெண்ணைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு “புரிஞ்சுச்சு மேடம்” என்கிறார்கள். அந்தக் காலத்தில் வகுப்பில் சார் “புரிஞ்சதா?” என்று கேட்பார். மொத்த வகுப்பும் ஒரே குரலில் “புரிஞ்சது சார்” என்று ராகம் பாடும். புரியவில்லை என்று சொன்னால் சாரை அவமரியாதை செய்ததாகிவிடும் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. அந்த ராகம் இத்தனை வருடமாகியும் யார் வாயையும் விட்டுப் போகவில்லை. மும்தாஜ்கூட எழுந்து “நல்லா இருந்துச்சு” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“எல்லாமே நல்லா இருந்துச்சுன்னா, நான் எப்படிய்யா ஃபெயிலானேன்?”

மும்தாஜ் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்படியே ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. கௌசல்யா மட்டும் முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாட்டு இலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “எந்தப் பேப்பருக்கா?”

“புள்ளியியல்.”

“அது என் பேப்பருக்கா. இன்னைக்கும் பிள்ளைக அதுலதான் விழுகுதுக. எனக்கு நீங்கதான் வேணும்.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “பழைய அரியர் வச்சுருக்கவுகளுக்குக் கடைசியா ஒரு சான்ஸ் குடுத்துருக்காக. எங்கன தடுக்குச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் ஒங்களப் பாஸ் பண்ண வைக்கிறேன்.”



அந்த இரண்டு எழுத்து

இந்த வயதில் பி.ஏ. பாஸ் பண்ணி என்ன கிழிக்கப் போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார். “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாக்கும்?” என்றார். கேட்டுவிட்டு, “சரி, சனிக்கிழம போயிட்டு வா. மண்டிய நான் பாத்துக்கிறேன்,” என்றார். அவர் அப்படித்தான். ஒரு பழமொழி சொல்லாமல் எதற்கும் சம்மதிக்க மாட்டார்.

என் காரணம் என் அப்பா.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். ரிசல்ட் வரவில்லை. அப்பா சின்னமனூரில் ஒரு அச்சகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மையும் மண்ணெண்ணெயும் கலந்து அடிக்கிற வாசனை. மஞ்சள் தடவுவதற்கு முன்னால் அழைப்பிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். ‘செல்வி ராஜேஸ்வரி, பி.ஏ.’ எங்கள் வகையறாவில் பெண்பிள்ளை பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. அச்சகத்துக்காரர், “பொண்ணு வீட்டுப் பக்கம் கனமா இருக்கே,” என்று கேலி செய்தார். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கல்யாணம் முடிந்து மறுவீடு வந்திருந்தபோது ரிசல்ட் வந்தது. அப்பாவே கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சைக்கிளை நிறுத்தினார். “புள்ளியியல் நின்னுபோச்சு ஆத்தா,” என்றார். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் தம்பி கல்யாணம், பிள்ளைகளுக்குக் காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ப்பு என்று எந்தப் பத்திரிகை அடித்தாலும் அப்பா என் பெயரோடு அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார். தெரிந்தேதான் எழுதுவார். நான் அந்தப் பத்திரிகைகளை யாருக்கும் கையில் எடுத்துக் கொடுக்க மாட்டேன். கூசும்.

அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. உத்தமபாளையத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். அவர் கண்ணை மூடுவதற்குள் அந்த இரண்டு எழுத்தும் நிஜமாகிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். தோற்றுப்போனால் அவர் மறுபடியும் ஒன்றும் கேட்காமல் இருந்துவிடுவாரே என்ற பயத்தில், பணம் கட்டியதைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

எங்கன தடுக்குச்சு?

சனிக்கிழமை தோறும் கௌசல்யாவின் துறை அறையில் நாங்கள் மூன்று பேர். அவள், நான், மும்தாஜ். எனக்கு முன்னால் பாடத்திட்டத்தைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“சராசரி?”

“அது தெரியும்.”

“இடைநிலை, முகடு?”

“அதுவும் எழுதிருவேன்.”

“நிகழ்தகவு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இங்கனதானா?” என்றாள்.

இங்கனதான். அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நன்றாகக் கலைத்த ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவுகிறோம். அது ராணியாகவோ சிவப்புச் சீட்டாகவோ இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? சார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று போடுவார். ராணி நான்கு. சிவப்பு இருபத்தாறு. கூட்டினால் முப்பது. அதில் இரண்டைக் கழி. ஏன் கழிக்க வேண்டும்? அந்த இரண்டு எங்கிருந்து வந்தது? திரும்பி “புரிஞ்சதா?” என்பார். “புரிஞ்சது சார்.”

நான் என் ஆயுசில் ஒரு சீட்டைப் பார்த்தது கிடையாது.

எங்கள் சித்தப்பா சீட்டில் தோப்பை விட்டவர். தோப்பு போனதும் ஊரை விட்டே போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஒரு தடவை கடையிலிருந்து வந்த தீப்பெட்டியில் சீட்டு ராணி மாதிரி ஏதோ படம் இருந்தது. அப்பா அதை அப்படியே எடுத்து அடுப்பில் போட்டார். அத்தனை குச்சியும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு ‘புஸ்’ என்று எழும்பி, அம்மாவின் முன்மயிர் கருகிப்போனது. அந்த வீட்டில் போய், “அப்பா, சீட்டுன்னா எப்படி இருக்கும்?” என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

வகுப்பில் கேட்கலாம்தான். பையன்கள் ஆற்றங்கரைத் தோப்பில் ரம்மி ஆடுகிறவர்கள். அவர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சீட்டைப் பற்றி ஒரு பெண்பிள்ளை எழுந்து கேள்வி கேட்டால் பின் பெஞ்சு சும்மா விடுமா? மறுநாளே ரம்மி ராஜி என்று பட்டம் கட்டிவிடும். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும் என்பார்கள். எங்களுக்கு அழவும் வழியில்லை.

“ஏ மும்தாஜ், நீ எப்படிப் பாஸ் பண்ணுன?” என்று கேட்டேன்.

“எங்க வீட்ல மட்டும் சீட்டு இருந்துச்சாக்கும்? எங்க அத்தாவும் ஒங்கப்பா மாதிரிதான், தெரிஞ்சா தோல உரிச்சுருவாக. ராணி சிவப்புன்னா ரெண்டக் கழி, ராஜா கறுப்புன்னாலும் ரெண்டக் கழின்னு அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

கௌசல்யா பாடத்திட்டத்தை மடித்து வைத்தாள். பிறகு, “அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது,” என்றாள். “நானும் இதுவரைக்கும் சீட்டக் கையில தொட்டதில்ல. செல்போன்ல வெளம்பரம் வர்றப்பப் பாத்ததோட சரி. அம்பத்திரண்டு, பதிமூணு, இருபத்தாறுன்னு நோட்ஸ்ல இருக்கறத அப்படியே நடத்திட்டு வர்றேன்.”

சிரிக்கக் கூடாது என்றால் முடியுமா? மும்தாஜ் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான். கூடவே வயிறும் எரிந்தது. பார்க்காத பொருளைப் பார்க்காதவர் நடத்தி, பார்க்காதவர் எழுதி, பார்க்காதவரே அடுத்த தலைமுறைக்கு வாத்தியாராக வந்திருக்கிறார். இந்தக் கூத்து வேறெங்காவது நடக்குமா?

“சீட்டுக்குப் பதிலா வேற உதாரணம் வச்சு நடத்துனா என்ன?” என்று மும்தாஜ் கேட்டாள். “தாயக்கட்டை வச்சுக்கூட நடத்தலாமே.”

“நடத்தலாம்க்கா. ஆனா கேள்வித்தாள் நம்ம கையில இல்லையே. அதுல சீட்டுதான வரும்?”

“அப்ப சீட்ட வாங்கிற வேண்டியதுதான்,” என்றேன்.

கல்லூரிக்குப் பக்கத்தில் வாங்கினால் பிள்ளைகள் கண்ணில் படுமே என்று, இப்படித்தான் நாங்கள் பெரியகுளத்தில் அந்த ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் நின்றோம்.

நான்கு ராணிகள்

கறுப்புக் கவரின் முடிச்சைத் துறை அறையில் வைத்துத்தான் அவிழ்த்தோம். கௌசல்யா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். புதுச் சீட்டுக்கு ஒரு வழவழப்பு உண்டு. கையில் நிற்காமல் நழுவி ஓடுகிறது. மெழுகு மாதிரி ஒரு வாசனை. எங்கள் மூன்று பேருக்கும் கலைக்கத் தெரியவில்லை. பாதிச் சீட்டு தரையில் கிடந்தது.

“ராணிய மட்டும் எடுங்கக்கா,” என்றாள் கௌசல்யா.

எடுத்து வரிசையாக வைத்தேன். நான்கு ராணிகள். இரண்டு கறுப்பு. இரண்டு சிவப்பு.

அட, இவ்வளவுதானா!

ராணியை எண்ணும்போது இந்த இரண்டையும் எண்ணியாகிவிட்டது. சிவப்பை எண்ணும்போது மறுபடியும் இதே இரண்டையும் எண்ணுகிறோம். அதனால்தான் இரண்டைக் கழிக்கிறோம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தால் போதும்.

“ஓ… இதுக்குத்தான் ரெண்டக் கழிக்கிறதா!” என்றாள் மும்தாஜ்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகையெல்லாம் இல்லை. ஆத்திரம். இந்த இரண்டு காகித ராணிகளுக்காகவா நான் அத்தனை வருடம் அந்தப் பக்கம் திரும்பாமல் பஸ்ஸில் போனேன்? இரண்டையும் எடுத்துக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. கௌசல்யா என் முன்னால் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வாரம் வகுப்பில் இறக்கினோம். பெஞ்சுக்கு ஒரு கட்டு. பெண்பிள்ளைகள் தொடத் தயங்கினார்கள். பையன்கள் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். “ஆர்ட்டின்ல எத்தனை சீட்டு?” என்று கௌசல்யா கேட்டதும் ஒருத்தன், “பதிமூணு மேடம், ஜோக்கர் தனி,” என்று பட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. தயக்கம் அதில் உடைந்தது.

என் வேலை என்ன தெரியுமா? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கத்துவது. நானும் கௌசல்யாவும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அவள் “புரிஞ்சதா?” என்று கேட்பாள். வகுப்பு ராகம் பாட வாயைத் திறக்கும். அதற்குள் நான், “எனக்குப் புரியல மேடம்!” என்று ஒரு சத்தம் போடுவேன். தாய் வயதில் ஒருத்தி பூண்டு வாசனையோடு உட்கார்ந்து கூசாமல் புரியவில்லை என்கிறாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் முன் பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை மெதுவாக, “எனக்கும் மேடம்,” என்றது. சில வாரத்தில் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. “ஒரு கணக்கு முடிக்க விடுங்கடி,” என்று கௌசல்யாவே கெஞ்சுகிற நிலைமை.

அந்த முதல் நாள் இன்னொன்றும் நடந்தது. அலுவலக உதவியாளர் ஒருவர் சுற்றறிக்கையோடு வந்தவர், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முதல்வரிடம் ஓடினார். “சார், பொம்பளப் பிள்ளைக சீட்டாடுதுக. வாத்தியாரம்மாவும் கூட ஒக்காந்து ஆடுறாக!”

முதல்வர் வந்துவிட்டார். வகுப்பு எழுந்து நின்றது. பிள்ளைகள் கையில் விசிறி மாதிரி சீட்டு. கௌசல்யாவுக்கு முகம் வெளுத்துப்போனது. கல்லூரிக்குள் சீட்டு வைத்திருந்தால் சஸ்பெண்ட் என்று வாசல் பக்கத்துப் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர் கரும்பலகையைப் படித்தார். பெஞ்சில் வரிசையாக இருந்த ராணிகளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“கதவச் சாத்திக்கிட்டு நடத்துங்கம்மா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பரீட்சையும் அப்பாவும்

பரீட்சை ஹாலில் எனக்கு முன்னாலும் பின்னாலும் என் மகளைவிடச் சின்னப் பிள்ளைகள். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, “யாரையும்மா தேடுறீக?” என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடத்தைக் காட்டினார். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும், மற்றவற்றைப் பார்க்காமல் சீட்டுக் கணக்கைத்தான் தேடினேன். இருந்தது. ராஜாவாகவோ கறுப்புச் சீட்டாகவோ இருப்பதற்கான நிகழ்தகவு. முதலில் அதைத்தான் எழுதினேன். இரண்டைக் கழித்த இடத்தில், ஏன் கழித்தேன் என்று கேட்காமலேயே இரண்டு வரி விளக்கமும் எழுதினேன்.

ரிசல்ட் வந்த அன்று மண்டியில் நல்ல கூட்டம். கௌசல்யா போனில், “அக்கா, பாஸ்!” என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்தார். சொன்னேன். “வளைஞ்சுருச்சே!” என்றார். கணக்குப் பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ மொதல்ல மாமாவப் போய்ப் பாரு,” என்றார்.

தேனியில் பஸ் மாறி உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அந்தத் தடவை கல்லூரியை ஜன்னல் வழியாக நன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கல்லூரி ஊரைத் தாண்டியல்லவா இருக்கிறது! எனக்கே சிரிப்பு வந்தது.

அப்பா நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்பதால் சத்தத்தையே நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். பக்கத்தில் போய்க் குனிந்து சத்தமாகச் சொன்னேன்.

“அப்பா, நான் பி.ஏ. பாஸ் பண்ணிட்டேன்.”

என் முகத்தையே பார்த்தார். “அந்தப் புள்ளியியலா?”

“ஆமாப்பா.”

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“அதுல அப்படி என்னதான் ஆத்தா ஒனக்குத் தெரியாமப் போச்சு?”

சொன்னேன். முதல்முறையாக அந்த வீட்டில் சீட்டு என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன். ராணியைச் சொன்னேன், சிவப்பைச் சொன்னேன், யாரிடமும் கேட்க முடியாமல் போனதைச் சொன்னேன். அப்பா டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் யாரோ வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

“இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே ஒரு கட்டு வாங்கியாந்து குடுத்துருப்பேனே ஆத்தா.”

குடுத்திருக்க மாட்டார். எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால், இப்படிப்பட்ட படிப்பே வேண்டாம் என்று புத்தகத்தைப் பிடுங்கி வைத்திருப்பார். அவருக்கும் அது தெரியும்.

“ஆமாப்பா, குடுத்துருப்பீக,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தான் சொன்னதை அவரே நம்பிவிட்டார். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நானும் கொஞ்ச நேரம் நம்பினேன்.